டாஃபோடில் கேள்வி பதில்: நடுவது முதல் நஞ்சு வரை

டாஃபோடில், கிழங்கிலிருந்து முளைத்து வசந்தத்தில் பூக்கும் பூச்செடி. இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் அதைப் பற்றிக் கேட்டவை.

கேள்வி: கிழங்கு வாங்கிவிட்டேன். எப்போது, எவ்வளவு ஆழத்தில் நடுவது?

பதில்: செப்டம்பர் நல்லது, நவம்பருக்கு மேல் தள்ளாதீர்கள். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு குழி. பெரிய ரகத்துக்கு 15 செ.மீ. கூர்முனை மேலே. கிழங்குக்குக் கிழங்கு 10 செ.மீ. களிமண்ணாக இருந்தால் பருமணல் கலந்துவிடுங்கள், தண்ணீர் தேங்கினால் அழுகும். நடும்வரை பையைச் சமையலறையில், வெங்காயக் கூடைப் பக்கமே வைக்காதீர்கள். டெட்டா-டெட் போன்ற குட்டை ரகக் கிழங்குக்கும் சின்ன வெங்காயத்துக்கும் அவசரத்தில் வித்தியாசம் தெரியாது, இதுவோ நஞ்சு.

கேள்வி: அக்கா, மூன்று வருஷமாக வெறும் இலைதான் வருகிறது.

பதில்: அடுத்த வருஷத்துப் பூ, இந்த வருஷத்து இலை சேர்த்துவைக்கும் சாப்பாட்டில்தான் உருவாகிறது. பூ வாடியதும் இலையை வெட்டினால் கிழங்கு இளைத்துவிடும். குறைந்தது ஆறு வாரம் விடுங்கள். விதைக்காயை மட்டும் கிள்ளிவிட்டு, இலை மஞ்சளாகும்வரை வாரம் ஒருமுறை தக்காளி உரத்தைக் கரைத்து ஊற்றலாம், அதில் பொட்டாஷ் அதிகம். இலையை வெட்டவில்லை என்றால் தோண்டிப் பாருங்கள். கொத்துக் கொத்தாக நெருங்கியிருந்தால் பிரித்து ஆழமாக நடுங்கள். அடித்தட்டு மெத்தென்று பழுப்பாக இருந்தால் பூஞ்சை அழுகல். உள்ளே கூடாகி ஒரு கொழுத்த புழு இருந்தால் அது நார்சிசஸ் ஈயின் புழு (நார்சிசஸ் என்பது டாஃபோடிலின் தாவரப் பெயர்). இரண்டையும் குப்பையில் போடுங்கள், கம்போஸ்டில் வேண்டாம்.

கேள்வி: வாடிய இலையை முடிச்சுப் போட்டுக் கட்டலாமா?

பதில்: வேண்டாம். வெயில் படாது.

கேள்வி: பூப்பறித்த கை சிவந்து அரிக்கிறது.

பதில்: சாற்றில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கருணைக்கிழங்கு நறுக்கினால் அரிக்குமே, அதே சமாசாரம். கார்ன்வாலில் பூப்பறிக்கும் தொழிலாளர்களுக்கு இது வழக்கமான தொல்லை. சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள், அடுத்தமுறை கையுறை.

கேள்வி: கருணை மாதிரி என்றால், புளி விட்டு வேகவைத்தால் நஞ்சு போய்விடுமே?

பதில்: போகாது! கருணையில் தொல்லை அந்த ஊசி மட்டும். இதில் லைக்கோரின் என்ற நச்சு ஆல்கலாய்டும் (தாவர வேதிப்பொருள்) இருக்கிறது, கிழங்கில்தான் அதிகம். அது சூட்டுக்கு அழியாது. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு நிச்சயம்.

கேள்வி: ஆனால் மறதி நோய்க்கு டாஃபோடிலிலிருந்துதானே மருந்து எடுக்கிறார்கள்? கொஞ்சம் தின்றால் என்ன?

பதில்: எடுக்கிறார்கள். அது காலன்டமைன், அதற்காகவே வேல்ஸ் மலைப்பக்கம் பயிரிடுகிறார்கள். ஆலையில் பிரித்தெடுத்து, மில்லிகிராம் அளந்து, டாக்டர் எழுதித் தருவது அது. கிழங்கைக் கடித்தால் லைக்கோரினும் கூடவே உள்ளே போகும். எட்டிக்கொட்டையிலும்தான் மருந்து செய்கிறார்கள், மென்று பார்ப்போமா? 2015-ல் இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறை, டாஃபோடிலைக் காய்கறிப் பக்கம் அடுக்காதீர்கள் என்று சூப்பர்மார்க்கெட்டுகளுக்குக் கடிதமே எழுதியது. மொட்டுத் தண்டைப் பூண்டுத்தாள் என்று நினைத்துச் சமைத்தவர்கள் இருந்ததால்தான்.

கேள்வி: ட்யூலிப்போடு ஒரே ஜாடியில் வைக்கலாமா?

பதில்: வெட்டிய தண்டிலிருந்து வழியும் கோழை ட்யூலிப்பை வாட்டிவிடும். டாஃபோடிலை மட்டும் ஓர் இரவு தனித் தண்ணீரில் வையுங்கள். பிறகு சேர்க்கலாம், ஆனால் தண்டை மறுபடி வெட்டாமல். வெட்டினால் திரும்ப வழியும். ஜாடித் தண்ணீரை நாய், பூனை குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பூ முடிந்துவிட்டது, இலையை எப்போது வெட்டலாம்?

பதில்: இரண்டாவது பதில். ஆறு வாரம். ஆறு.

கேள்வி: நாய் கிழங்கைத் தோண்டிக் கடித்துவிட்டது!

பதில்: இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், எத்தனை கிழங்கு, எப்போது என்று சொல்லுங்கள். நீங்களாக வாந்தி எடுக்கவைக்காதீர்கள்.

கேள்வி: சென்னையில் மொட்டைமாடியில் வருமா?

பதில்: பெரும்பாலான ரகத்துக்கு மூன்று மாதக் குளிர் வேண்டும். பேப்பர்வைட் ரகத்துக்கு வேண்டாம், அதை முயன்று பாருங்கள். மற்ற ரகங்களை ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரூட்டுவதாக இருந்தால் பழம் பக்கத்தில் இருக்கக்கூடாது, அதன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். பையில் பெரிய எழுத்தில் ‘வெங்காயம் அல்ல’ என்று எழுதி ஒட்டுங்கள்.