தூண்டிலை இன்னொருவர் கையில் கொடுக்கும் வேலை

கேள்வி: எனக்கு ஃப்ளை ஃபிஷிங்கில், அதாவது பூச்சி போலக் கட்டிய செயற்கை ஈயை வீசி மீன் பிடிப்பதில், பெரும் பித்து. விடுமுறை கிடைத்தால் ஆற்றில்தான் இருப்பேன். அலுவலக வேலையை விட்டுவிட்டு மீன்பிடி வழிகாட்டியாகலாமா என்று யோசிக்கிறேன். இயற்கையிடம் கற்றுக்கொண்டே வாழவேண்டும் என்று ஆசை. "பொழுதுபோக்கைத் தொழிலாக்கினால் இரண்டுமே கெடும்" என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யட்டும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: வீட்டில் சொல்வதில் பாதி உண்மை. வழிகாட்டியான பிறகு நீங்கள் மீன் பிடிக்கப்போவதில்லை. தூண்டில் கோல் வந்தவர் கையில் இருக்கும். நீங்கள் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று செயற்கை ஈயைக் கட்டிக் கொடுப்பீர்கள், நூலின் சிக்கெடுப்பீர்கள், கிளையில் மாட்டிய கொக்கியை விடுவிப்பீர்கள். மீன் பிடிப்பதில்தான் உங்கள் சந்தோஷம் என்றால் வேலையை விடாதீர்கள்.

ஆனால் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஆசைக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. கோல் கையில் இருக்கும்வரை கண் ஈயின் மேலேயே இருக்கும். கீழே வைத்தால்தான் ஆறு தெரியும். குளிர்ந்த ஆறுகளில் வாழும் ட்ரவுட், ஓட்டத்தை எதிர்கொண்டு நிற்கும் மீன். ஆனால் நடு வேகத்தில் நின்று தெம்பை வீணாக்காது. வேகமான நீரும் மெதுவான நீரும் உரசும் கோட்டிலோ, பாறை மறைவிலோ நின்று, ஓட்டம் கொண்டுவரும் இரையை எடுத்துக்கொள்ளும். அந்த இரையில் பெரும்பகுதி நீருக்கடியில் கிடைப்பது. ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பூச்சி மாதக்கணக்கில், சில இனங்களில் ஒரு வருடத்துக்கும் மேலாக, நீரிலேயே வளரும். முழுதாகச் சிறகு வந்தபின் அது எதையும் உண்பதில்லை. பெரும்பாலும் ஓரிரு நாளில் அதன் வாழ்வு முடிந்துவிடும். ஸ்டோன்ஃப்ளை என்ற இன்னொரு பூச்சியின் இளம்பூச்சிகளும் இருந்தால் தண்ணீர் குளிர்ச்சியாகவும் சுத்தமாகவும் இருக்கிறது என்று நம்பலாம். வருடா வருடம் இருந்தவை திடீரென்று காணாமல் போனால், ஆற்றின் மேற்பகுதியில் என்ன நடந்தது என்று விசாரிக்கவேண்டியது வழிகாட்டியின் கடமை. பார்த்த கல்லைப் பழையபடியே வைத்துவிடுங்கள்.

இந்தத் தொழிலின் கடினமான பகுதி தெர்மாமீட்டரில் இருக்கிறது. 10 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 20 டிகிரியில் அது சுமார் 9 ஆகக் குறையும். மீனுக்கோ வெப்பம் ஏற ஏற ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். அந்த நேரத்தில் போராடிக் களைத்த ட்ரவுட்டைத் திரும்ப விட்டால் நீந்திப் போவதுபோல் போகும், பிறகு எங்கோ செத்துப்போகலாம். அதனால் 20 டிகிரியை நெருங்கும்போதே நிறுத்திவிட வேண்டும். பணம் கட்டி, ஆசையோடு தூரத்திலிருந்து வந்தவரிடம் நண்பகலில் "இன்றைக்கு இதோடு போதும்" என்று முகம் கோணாமல் சொல்ல உங்களால் முடியுமா? மீன் முட்டையிடும் காலத்தில் ஆற்றடியில் வெளுத்துத் தெரியும் சரளைப் பரப்பில், அடியில் முட்டைகள் இருக்கும், கால் வைக்காதீர்கள் என்று உற்சாகத்தில் இருப்பவரைத் தடுக்க முடியுமா? நான் ஒருவரை வழிகாட்டி என்று மதிப்பது இதை வைத்துத்தான். எத்தனை மீன் பிடித்துக் கொடுத்தார் என்று கேட்கமாட்டேன்.

உடனே ராஜினாமா செய்யவேண்டாம். உங்களுக்குப் பழக்கமான ஆற்றில் ஒரு சிறு பகுதியைத் தேர்ந்தெடுத்து, எல்லாப் பருவங்களிலும் கோல் இல்லாமல் போய் வாருங்கள். நீரின் வெப்பம், மட்டம், பறக்கும் பூச்சி, மீன் மேலே வந்த நேரம் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். வெறும் கையோடு போவது சலித்துவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். பிறகு தூண்டிலே பிடித்திராத ஒருவரை ஒரு நாள் முழுக்க அழைத்துப்போங்கள். அவர் பத்தாவது தடவையும் தவறாக வீசும்போது கோலைப் பிடுங்கத் தோன்றுகிறதா, இல்லை அவர் தோள் எங்கே இறுகுகிறது என்று பார்க்கத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள்.

முதலுதவிப் பயிற்சியும் ஓடும் நீரில் பாதுகாப்பாக நடக்கும் பயிற்சியும் கட்டாயம். உரிமம் பற்றி உங்கள் பகுதி விதிகளைக் கேட்டறியுங்கள். பெரும்பாலான ஆறுகளில் இது பருவகால வேலை. மீன்பிடிப்பு மூடியிருக்கும் மாதங்களில் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டு, வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்களுடைய பயத்துக்கு நீங்கள் தரவேண்டிய பதில் அந்தக் கணக்குதான்.