பாதியில் நின்றுபோன கச்சேரியைப் பார்த்ததுண்டா? கூட்டம் என்ன செய்தது?

பார்த்திருக்கிறேன். கேள்வியைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு பிஸ்கட் டின்.

2004 பங்குனிப் பொங்கல். விருதுநகர் பக்கம் எங்கள் கிராமம். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அந்த வருடம் விழாக் கமிட்டியில் வரவு செலவு பார்த்தவர் என் தாய்மாமா. மதுரையிலிருந்து ஆர்க்கெஸ்ட்ரா பேசியிருந்தார்கள். ஊர்ப்பக்கம் கச்சேரி கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் பாட்டு பாதி என்றால் அறிவிப்பு பாதி. "இந்தப் பாடலை விரும்பிக் கேட்டு 51 ரூபாய் அன்பளிப்பு வழங்கியவர்..." என்று மைக்கில் பெயர் வர வேண்டும், அதற்காகவே பாதிப்பேர் விழித்திருப்பார்கள். பெயரையும் பாட்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ரூபாயோடு மாமாவிடம் கொடுக்க வேண்டும். ரூபாய் மாமாவின் மஞ்சள் பைக்குள் போகும். சீட்டு என் மடியில் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் வரும். அறிவிப்பாளர் கை நீட்டும்போதெல்லாம் நாலைந்து சீட்டு எடுத்துக் கொடுப்பது என் வேலை.

மணி பதினொன்றரை இருக்கும். காற்று கிளம்பிய வேகத்தில் கோடை மழை கொட்டியது. மேடைக்கு மேலே கட்டியிருந்த சாமியானாவில் தண்ணீர் தேங்கி, துணி நிறைமாத வயிறு மாதிரி தொங்கியது. கமிட்டியில் ஒருவர் புத்திசாலித்தனமாக மூங்கில் கம்பால் அதைக் கீழிருந்து தள்ளினார். மொத்தத் தண்ணீரும் கீபோர்டு மேல் விழுந்தது. பாடிக்கொண்டிருந்த பெண் "ஆ" என்று மைக்கை உதறினார், ஷாக். ஜெனரேட்டர்காரர் யாரையும் கேட்கவில்லை, அணைத்துவிட்டார்.

நான் கவனித்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். முதலில் யாருக்கும் கோபமே வரவில்லை. விசில் அடித்தார்கள், சிரித்தார்கள். பெண்கள் உட்கார்ந்திருந்த கோரைப்பாயை அப்படியே தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள். மழையும் கால் மணி நேரத்தில் விட்டுவிட்டது. ஆனால் மேடையில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. கமிட்டிக்காரர்கள் கோயில் மண்டபத்துக்குள் போய் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் பெட்டிகளோடு வேனில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். டிரைவர் எதற்காக வண்டியை ஸ்டார்ட் பண்ணினாரோ தெரியாது. இருட்டில் அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், "காசை வாங்கிட்டு ஓடுறாய்ங்கடா" என்று ஒரு குரல். முதல் செருப்பு வந்து விழுந்தது. அப்புறம் ஈர மண். வேனை மறித்து முப்பது நாற்பது பேர் நின்றுவிட்டார்கள்.

மாமா மேடையில் ஏறினார். மைக் கிடையாது. கையில் இருந்த மூணு கட்டை டார்ச்சைக் கூட்டத்தின் மேல் அடிக்காமல் தன் முகத்தில் அடித்துக்கொண்டு கத்தினார்: "யப்பா, வயர்ல தண்ணி எறங்கிருச்சு. இப்ப மோட்டாரப் போட்டா பாடுற பிள்ளைக்கு உசிரு போயிரும். இனிமே பாட்டு கிடையாது. அவங்களுக்குப் பேசுன துட்டுல பாதி இன்னும் என்கிட்டதான் இருக்கு. காலையில கோயில்ல வச்சுப் பேசிக்கிருவோம்."

சத்தம் இறங்கியது. பின்னாலிருந்து ஒருவர், "அப்ப என் சீட்டு?" என்றார்.

அதுதான் விஷயம். அன்று ராத்திரி அங்கே நின்ற பாதிப்பேருடைய கோபம் பாட்டு நின்றதில் இல்லை, தன் பெயர் வராமல் போனதில். மாமா என்னை மேடைக்கு இழுத்து டின்னைத் திறந்தார். மிச்சம் இருந்தது 37 சீட்டு. ஒவ்வொன்றாக டார்ச் வெளிச்சத்தில் பிடித்து, தொண்டை கிழிய வாசித்தார். பெயர், தகப்பன் பெயர், தொகை, கேட்ட பாட்டு. முதல் ரெண்டு மூணு பேருக்குச் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டு. பாட்டின் பெயரைச் சொன்னதும் கூட்டமே முதல் வரியைப் பாடிவிட்டு அடுத்த சீட்டைக் கேட்டது. வேன் எப்போது போனது என்று யாரும் பார்க்கவில்லை.

நிகழ்ச்சி நின்றது பற்றி எந்தச் செய்தி படித்தாலும் நான் இப்போது முதலில் தேடுவது ஒன்றைத்தான்: மேடையில் இருந்து யார், எப்போது, என்ன சொன்னார்கள்? 1992 ஆகஸ்ட் 8 அன்று கனடாவில் மாண்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் ஒரே ராத்திரியில் இரண்டு நிகழ்ச்சிகள் பாதியில் நின்றன. முதலில் மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் குழு. மேடையில் வெடிக்கும் வாணத்துக்குப் பக்கத்தில் தவறான இடத்தில் போய் நின்ற அதன் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்குக் கை வெந்துபோனது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கலவரம் அப்போது வெடிக்கவில்லை. அடுத்து வர வேண்டிய கன்ஸ் அன்ட் ரோசஸ் குழு ஜனங்களை இரண்டு மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்துத்தான் மேடைக்கு வந்தது. வந்தும் அதன் பாடகர் ஆக்ஸல் ரோஸ் தொண்டை சரியில்லை என்று ஒரு மணி நேரம்கூட ஆகாமல் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் வண்டிகள் கவிழ்ந்தன, கண்ணாடிகள் உடைந்தன, தீ வைத்தார்கள். கார் கவிழ்த்தவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் தீக்காயம் கண்ணெதிரே இருந்தபோது பொறுத்த கூட்டம், வெறுமனே காக்க வைத்தபோதுதான் பொறுக்கவில்லை.

இதற்கு நேர் எதிராக ஒன்று. 2015 ஜூன் 12, ஸ்வீடனில் கோத்தென்பர்க். ஃபூ ஃபைட்டர்ஸ் ராக் குழுவின் பாடகர் டேவ் குரோல் இரண்டாவது பாட்டிலேயே மேடையில் இருந்து கீழே விழுந்து காலை உடைத்துக்கொண்டார். விழுந்த இடத்தில் படுத்தபடியே மைக்கை வாங்கி, கால் உடைந்துவிட்டது என்று நினைக்கிறேன், ஆஸ்பத்திரி போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மற்றவர்கள் பாடிச் சமாளித்தார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, மருத்துவ உதவியாளர் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, மிச்சக் கச்சேரியை முடித்துக் கொடுத்தார். இவ்வளவு வீரம் எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது, தேவையும் இல்லை. போகும்போது சொல்லிவிட்டுப் போனாரே, அது போதும்.

நேரக் கட்டுப்பாட்டால் நிற்பது தனி ரகம். 2012 ஜூலை 14 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் மூன்று மணி நேரத்துக்கு மேல் பாடி, கடைசியில் பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியையும் மேடைக்கு அழைத்துவிட்டார். அனுமதித்த நேரம் தாண்டியதும் ஸ்பீக்கர்களை அணைத்துவிட்டார்கள். இருவரும் நன்றி சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து டப்ளின் நிகழ்ச்சியில் ஸ்பிரிங்ஸ்டீன் விட்ட பாட்டின் மிச்சத்தில் இருந்தே தொடங்கினார். 2023 ஏப்ரல் 30 அன்று புனேயில் ரஹ்மான் பாடிக்கொண்டிருந்தபோது மேடைக்கே ஏறிவந்த போலீஸ்காரர் மணி பத்து தாண்டிவிட்டது என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போலீஸ் மேல் கோபப்பட்டவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2005 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே உறுதியான விஷயம். திருவிழா மாதிரி நாட்களுக்கு, வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு வரை அரசு விலக்குத் தரலாம், அவ்வளவுதான். கச்சேரி நடத்துகிறவருக்கு இது முன்கூட்டியே தெரியும். கடைசிப் பாட்டை ஒன்பதே முக்காலுக்குள் முடிக்கிற மாதிரி வரிசை போட்டிருக்கலாம்.

எங்கள் ஊரிலும் இப்போது பத்து மணிக்கு மேல் மைக் கிடையாது. வெயில் தாழும்போதே ஆர்க்கெஸ்ட்ரா ஆரம்பித்துவிடுகிறது, பாதி ஜனம் இன்னும் பொங்கப் பானையை இறக்கியிருக்காது. மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காருகிறார்.

அந்த 37 சீட்டில் ஒன்றை அவரால் வாசிக்க முடியவில்லை. மை கரைந்து, 101 என்ற தொகை மட்டும் நீலமாகத் தெரிந்தது. யாருடையது என்று கேட்டுப் பார்த்தார், இருட்டில் யாரும் கை தூக்கவில்லை. காலையில் டீக்கடையில் இருந்த ஒருவர், மூன்று நாளைக்கு முன்னால் பிறந்த தன் மகளுடைய பெயரைத்தான் எழுதிக் கொடுத்ததாகவும், அந்நேரம் பிரசவ ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போய்விட்டதாகவும் சொன்னார். மாமா 101 ரூபாயைத் திருப்பி நீட்டினார். அவர் வாங்கவில்லை. "துட்டு கிடக்கட்டும் மாமா, அடுத்த வருசம் மொத சீட்டா வாசிச்சிருங்க" என்றார்.

அடுத்த வருடம் கமிட்டி மாறிவிட்டது. பட்ஜெட் இல்லை என்று கச்சேரியே வைக்கவில்லை.