ரேம் கூட்டுவதா, விண்டோஸ் மாற்றுவதா? பழைய மடிக்கணினிக் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதி முடிந்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயம்தான். இம்முறை அவற்றையே எடுத்துக்கொள்கிறேன். மொடல் இலக்கம் எழுதாதவர்களுக்கு என்னால் சாத்திரம்தான் சொல்ல முடியும். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி வன்தட்டு. திறந்து வேலை தொடங்க ஐந்து நிமிடமாகிறது. 8 ஜிபி ஆக்கினால் சரியாகுமா? – சுன்னாகம்

அந்த ஐந்து நிமிடத்துக்கு ரேம், அதாவது வேலை நடக்கும்போது கணினி பாவிக்கும் தற்காலிக நினைவகம், பொறுப்பில்லை. கணினியைத் திறந்தவுடன் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற பட்டியலில் 'டிஸ்க்' என்ற தலைப்பின் கீழுள்ள எண் 100 வீதத்திலேயே நின்றால் குற்றவாளி வன்தட்டு. சுழலும் தட்டு வினாடிக்கு நூறு எம்பி வாசிக்கும், அதுவும் எல்லாம் வரிசையாக இருந்தால். விண்டோஸ் தொடங்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு கோப்புகளைத் தேடி ஓடும். அப்போது வேகம் ஒன்றிரண்டு எம்பிக்கு விழுந்துவிடும். சுழலும் தட்டே இல்லாத சேமிப்பகமான சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஐந்நூறு வாசிக்கும், சிறு கோப்புகளுக்கும் இந்த அளவுக்குத் தள்ளாடாது.

ஆகவே முதலில் 256 ஜிபி எஸ்எஸ்டி. இரண்டு கிழமை பாவித்துப் பாருங்கள். நீங்கள் வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்த நிலையில் 'மெமரி' 80 வீதத்தைத் தாண்டினால் மட்டும் இன்னொரு 4 ஜிபி வாங்குங்கள். தட்டைக் கழற்றுவதற்கு முன் கோப்புகளைப் பிரதி எடுங்கள். இந்த வரியை இன்றைக்கு இன்னும் சில தடவை எழுதுவேன்.

எனது லப்டொப் எச்பி. எவ்வளவு ரம் போடலாம்? – பெயர், ஊர் இல்லை

ரம் எவ்வளவு போடலாம் என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். ரேம் என்றால், எச்பி என்பது கம்பனியின் பெயர். பரியாரியிடம் போகிறவர்கூட நாடி பார்க்கக் கையையாவது நீட்டுவார். கணினியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருப்பதை வாசித்து எழுதி அனுப்புங்கள்.

நண்பர் தந்த 8 ஜிபி ரேம் பள்ளத்தில் இறங்க மறுக்கிறது. கொஞ்சம் பலமாக அழுத்தலாமா? – நெல்லியடி

வேண்டவே வேண்டாம். நீங்கள் எழுதிய மொடலுக்கு வேண்டியது டிடிஆர்3 வகை ரேம். கையிலிருப்பது டிடிஆர்4 ஆக இருக்கும். முன்னதில் 204 ஊசிகள், பின்னதில் 260. நடுவிலுள்ள வெட்டும் வேறிடத்தில் இருக்கிறது. சரியான ரேம் என்றால் சரிவாகச் செருகி மெல்லக் கீழே சாய்த்தாலே இரு பக்கக் கவ்விகளும் 'டிக்' என்று பிடித்துக்கொள்ளும். இன்னொன்று: நான்காம், ஐந்தாம் தலைமுறைக் கணினிகளுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வேண்டும். 1.5 வோல்ட் ரேமும் அதே பள்ளத்தில் அழகாக உட்கார்ந்துவிடும், ஆனால் திரை எழும்பாமல் போகலாம். வாங்குமுன் ஸ்டிக்கரில் எல் என்ற எழுத்தைத் தேடுங்கள்.

8 ஜிபி போட்டும் 3 ஜிபி சொச்சம்தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? – மானிப்பாய்

இல்லை. நீங்கள் வைத்திருப்பது 32 பிட் விண்டோஸ், அதனால் அவ்வளவு ரேமைத்தான் பாவிக்க முடியும். 64 பிட் போடுங்கள். புதிதாக நிறுவ வேண்டும். எனவே முதலில் பிரதி.

கனடாவிலிருந்து அண்ணா அனுப்பியது. ஏழாம் தலைமுறை ஐ7, 16 ஜிபி. விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. இன்னும் 16 ஜிபி போட்டால் ஏறுமா? – கொக்குவில்

அறுபத்துநான்கு போட்டாலும் ஏறாது. விண்டோஸ் 11 கேட்கும் ரேம் வெறும் 4 ஜிபி (நடைமுறையில் 8 இல்லாமல் பாவிக்க நான் சொல்லமாட்டேன்). தடை உங்கள் செயலி. இன்டெல் என்றால் 2017 பிற்பகுதியில் வந்த எட்டாம் தலைமுறையிலிருந்துதான், விரல்விட்டு எண்ணக்கூடிய விதிவிலக்குகளைத் தவிர, அனுமதி. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றித் தரப் பலர் இருக்கிறார்கள்; ஏறவும் செய்யும். அடுத்த பெரிய மேம்படுத்தல் வரும்போது மீண்டும் அவர்களைத் தேட வேண்டிவரலாம். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு உரிமம் இல்லாத விண்டோஸை இயக்கவைக்கும் ஏதோ ஒரு 'அக்டிவேற்றரை' ஓடவிடும் கடை என்றால் திரும்பிப் பாராமல் வந்துவிடுங்கள்.

உங்கள் கணினி நல்ல கணினி. விண்டோஸ் 10-க்கு 2026 ஒக்டோபர் 13 வரையான நீட்டிப்பை மைக்ரோசொப்ட் அறிவித்தது. அது தவணை மட்டுமே. இணையம், கடிதம், பாடம் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மிண்ட் என்ற இயங்குதளம் போதும். பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பார்க்கலாம், வன்தட்டைத் தொடத் தேவையில்லை.

4 ஜிபியும் 8 ஜிபியும் கலந்து போடலாமா? – சாவகச்சேரி

போடலாம். வகையும் வோல்ட்டும் ஒன்றாக இருக்கட்டும். வேகம் குறைந்ததன் வேகத்திலேயே இரண்டும் ஓடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர். விண்டோஸ் 7-இல் பல வருடங்களாகப் பாமினி எழுத்துருவில் கோயில் மலர், கல்வெட்டு (இறந்தவர் நினைவுப் புத்தகம்) எல்லாம் தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறேன். மகன் எஸ்எஸ்டியும் புதிய விண்டோஸும் போட்டார். கோப்புகள் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. வைரசா? பழையதற்கே திரும்பவா? – வட்டுக்கோட்டை

வைரஸ் இல்லை ஐயா, திரும்பவும் வேண்டாம். உங்கள் கோப்பில் எப்போதுமே ஆங்கில எழுத்துகள்தான் இருந்தன. நீங்கள் 'அம்மா' என்று அடித்தபோது கணினி எழுதி வைத்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி எழுத்துரு அவற்றின்மேல் 'அ', 'ம', புள்ளி, 'ம', அரவு என்று படம் வரைந்து காட்டியது. புதிய விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லை. படம் போனது, அடியிலிருந்தது தெரிகிறது. பாமினியை நிறுவினால் எல்லாம் அப்படியே திரும்பி வரும்.

வரும், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோட்டில் தமிழ் 1991-இலேயே சேர்ந்துவிட்டது. விண்டோஸ் 2000-இலிருந்து தமிழ் கணினியோடேயே வருகிறது. இருந்தும் நம் ஊரில் இன்றைக்கும் அச்சகங்களும் பாடசாலைகளும் பாமினியில் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோப்பைக் கைப்பேசியில் திறந்தால் தமிழாக வாசிக்க முடியாது. ஒரு பெயரைத் தமிழில் தேடினால் அகப்படாது. முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் கல்வெட்டில் மூன்று தலைமுறை வமிசாவளி இருக்கிறது. கணினிக்கு அது வெறும் எம், கே, அரைப்புள்ளி.

என் பெரியப்பாவின் கல்வெட்டு 2003-இல் அச்சானது. கோப்பு குறுந்தட்டில் என்னிடம் பத்திரமாக இருந்தது. அச்சகத்தார் பாமினியைத் தங்கள் வசதிக்குக் கொஞ்சம் மாற்றிச் செய்த எழுத்துரு ஒன்றில் அடித்திருந்தார்கள். அச்சகம் மூடப்பட்டுவிட்டது, எழுத்துருவும் அதோடு போயிற்று. பாமினியை வைத்துத் திறந்தால் 'ஸ்ரீ' வரவேண்டிய இடத்தில் கட்டம், 'ணை' வரவேண்டிய இடத்தில் அடைப்புக்குறி. கடைசியில் அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்பது பக்கத்தையும் புதிதாக அடித்தேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். பாமினியை யூனிகோட்டாக்கும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கோப்புகளை அவற்றில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். இடையில் வரும் மின்னஞ்சல் முகவரியையும் ஆங்கிலச் சொல்லையும் அந்த மென்பொருள் தமிழ் என்று நினைத்துக் குதறிவிடும், அவற்றைக் கையால் திருத்துங்கள். உங்கள் விரல்களுக்குப் புதுப் பழக்கம் வேண்டாம். பாமினி விசைப்பலகையிலேயே யூனிகோட் எழுதவைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, மகனை நிறுவித் தரச் சொல்லுங்கள்.

2009-இல் வாங்கியது, கோர் 2 டுவோ, 2 ஜிபி. ஏதாவது செய்யலாமா? – வேலணை

காசு செலவழிக்காதீர்கள். உள்ளே இருக்கும் படங்களை எடுத்துக்கொண்டு ஓய்வு கொடுங்கள்.

கடையில் கொடுத்து ரேம் போடுவிப்பதில் ஏதும் கவனிக்க வேண்டுமா? – மாணவி, திருநெல்வேலி

கொடுக்குமுன்னும் எடுத்தபின்னும் மெமரி காட்டும் திரையைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். விசிறி துடைக்கக் கொடுத்த என் கணினி ஒருமுறை 8 ஜிபியாகப் போய் 4 ஜிபியாக வீடு வந்தது. நான் கவனித்தது மூன்று மாதம் கழித்து. 'போமட் பண்ணவா?', அதாவது தட்டிலுள்ள எல்லாவற்றையும் அழிக்கவா, என்று கேட்டால், பிரதி எடுத்தாயிற்றா என்பதைப் பொறுத்துப் பதில் சொல்லுங்கள்.

பற்றரி பத்து நிமிடம்கூட நிற்காது. விண்டோஸ் ஏறும்போது மின்சாரம் போனால்? – பருத்தித்துறை

பெரும்பாலும் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பிவிடும். சிலவேளை கறுப்புத் திரையோடு நின்றுவிடும். பக்கத்து வீட்டில் யூபிஎஸ் இருந்தால் ஒரு பின்னேரம் இரவல் வாங்குங்கள். பிரதியைப் பற்றி மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.