ஊற்றுத் தண்ணீரின் குணம் ஊருக்கு ஊர் மாறுவது ஏன்?

குற்றாலத்துத் தண்ணீர் இவ்வளவு மென்மையாக இருக்கும்போது, இமயமலையின் மணிகரண் ஊற்று மட்டும் ஏன் கொதித்துக்கொண்டு, தாதுக்களோடு வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரி, நம்ம பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். பொதிகை மலையில் சார்னோகைட், நைஸ் (gneiss) எனப்படும் கடினமான பாறைகள்தான் அதிகம். லேசில் கரையாது. மழைநீர் விரிசல்களில் இறங்கிச் சீக்கிரமே வெளியே வந்துவிடுவதால் உப்பு சேர நேரமில்லை. திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்துப் பக்கம் இருப்பது சுண்ணாம்புப் பாறை. மண்ணில் கரியமில வாயுவை வாங்கிக்கொண்ட மழைநீர் சுண்ணாம்பைக் கரைக்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது.

ஆழத்து நீரின் கதை வேறு. சாதாரணமாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் கூடும். மணிகரண் போன்ற இடங்களில் இன்னும் அதிகம். சூடான நீர் பாறையிலிருந்து சிலிக்காவை (மணலில் இருக்கும் அதே பொருள்) நிறைய இழுத்துக்கொள்ளும். மேலே வந்து ஆறினாலும் அது உடனே படிந்துவிடாது. அதனால் ஊற்றில் சிலிக்காவை அளந்தாலே அடியில் எவ்வளவு சூடு என்று கணக்கிடலாம். எவ்வளவு அழகான விஷயம் பாருங்கள்!

அப்புறம், வாயுக்கள். எரிமலைப் பகுதிகளில் அடியிலிருந்து ஏறும் கரியமில வாயு, நீரை அமிலமாக்கிப் பாறையை இன்னும் கரைக்க வைக்கும். கூடவே வரும் ஹீலியத்தில், அதன் அரிய, லேசான வகையான ஹீலியம்-3 தூக்கலாக இருந்தால், பூமியின் மேலோட்டுக்கும் கீழே இருக்கும் மேன்டில் என்ற பாறை அடுக்கிலிருந்து வாயு ஏறி வந்திருக்கிறது என்று பொருள்.