15-ஐ எடுத்துவிட்டு 30 போடலாமா?

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் என்னென்னவோ மாட்டியிருக்கிறார் போல, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் கறுப்பு டேப் சுற்றிய வயர்கள் கொத்தாகத் தொங்குகின்றன. எதற்கென்றே தெரியாத ஒரு சுவிட்சும் இருக்கிறது. சிகரெட் லைட்டர் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது. 15 ஆம்பியரை எடுத்துவிட்டு 30 போட்டால் நிற்கும் என்கிறார் நண்பர். போடலாமா? இல்லை, தெரியாத வயர் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிடவா?

பதில்: தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். 30 போட்டால் ஃப்யூஸ் நிற்கும்தான், ஆனால் அதற்குப் பதில் வயர் எரியும். அந்த ஃப்யூஸை அங்கே வைத்திருப்பதே வயரைக் காப்பாற்றத்தான். 15 ஆம்பியருக்குக் கணக்குப் பண்ணிப் போட்ட வயரில் 25 ஆம்பியர் ஓடினாலும் 30 ஆம்பியர் ஃப்யூஸ் பேசாமல் இருக்கும், கார்ப்பெட்டுக்கு அடியில் இன்சுலேஷன் உருகிக்கொண்டிருக்கும், உங்களுக்கு வாசனை வரும்போது நேரம் கடந்திருக்கும். ஏற்கெனவே யாராவது இந்த வேலையைச் செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஓனர்ஸ் மேனுவலில் எந்த இடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். 10 என்றால் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. நீலம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை உட்கார்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

லைட்டர் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சில்லறைக் காசு உள்ளே விழுந்திருந்தாலே ஃப்யூஸ் போய்விடும் (பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் உலோகக் குறடு விட்டு எடுக்க வேண்டாம்). அந்தச் சாக்கெட்டில் போன் சார்ஜர் ஏதாவது மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சரியான ஃப்யூஸ் போட்டு ஓட்டுங்கள், அப்போது நின்றால் கோளாறு சார்ஜரில்.

அப்படியும் போகிறதா? ஃப்யூஸ் மேல் ஃப்யூஸாகப் போட்டு வீணாக்காமல், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றுக்கு இரண்டு வயர் வைத்து, ஃப்யூஸ் உட்காரும் இரண்டு பின்னிலும் மாட்டிச் சாவியை ஆன் செய்யுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ வயர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகிறது. பல்பு வழியே 2 ஆம்பியருக்கு மேல் போகாது என்பதால் நிதானமாகத் தேடலாம். அந்த லைனில் சேர்த்திருக்கும் ஒவ்வொன்றையும் கழற்றுங்கள், வயரை அங்கங்கே மெல்ல அசைத்துப் பாருங்கள், எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ அங்கேதான் கோளாறு. எனக்கு இந்தச் சோதனை மேல் பெரிய மரியாதை உண்டு, மீட்டரே இல்லாதவர்கூடச் செய்யலாம். ஏர்பேக் ஃப்யூஸில் மட்டும் இதைச் செய்யவே கூடாது.

இனி அந்த வயர்க் கொத்து. கம்பெனி வயர்கள் ஒன்றாகச் சுற்றப்பட்டு, கிளிப்பில் உட்கார்ந்து, முறையான கனெக்டரில் முடியும். பின்னால் சேர்த்தவை தனியாகத் தெரியும்: முறுக்கி டேப் ஒட்டிய ஜாயின்ட், நடுவயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப், பாடியில் ஏதோ ஒரு ஸ்க்ரூவில் மாட்டிய எர்த். டேஷ்போர்டுக்குக் கீழிருந்து தேட ஆரம்பித்தால் குழப்பம்தான், பேட்டரியிலிருந்து ஆரம்பியுங்கள். பாசிட்டிவ் முனையிலிருந்து ஃப்யூஸே இல்லாமல் கிளம்பும் ஒரு வயர் இருந்தால், காரிலேயே ஆபத்தான வயர் அதுதான், அதற்குத்தான் முதல் கவனிப்பு. நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிட்டு வேலை பாருங்கள். ஸ்டீரியோவுக்குக் கோட் (பேட்டரி கழற்றி மாட்டினால் அது கேட்கும் ரகசிய எண்) உண்டு என்றால் அதைக் கையில் வைத்துக்கொண்டு கழற்றுங்கள்.

வெட்டாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அலாரமோ டிராக்கரோ போட்டிருந்தால், அதன் ரிலேயை (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) ஸ்டார்ட்டர் லைனையோ பெட்ரோல் பம்ப் லைனையோ வெட்டி நடுவில் சேர்த்திருப்பார்கள். உங்களுடைய அந்த மர்ம சுவிட்ச்கூட இப்படிப்பட்டதாக இருக்கலாம். அதைப் பிடுங்கினால் கார் ஸ்டார்ட்டே ஆகாது, வெட்டிய பழைய வயரை மறுபடி சேர்த்தால்தான் உண்டு. அதனால் ஒவ்வொரு வயரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, போட்டோ எடுத்து, சீட்டு ஒட்டி, ஒன்றைக் கழற்றி ஸ்டார்ட் செய்து பார்த்தபின் அடுத்ததற்குப் போங்கள். கழற்றிய முனையைத் திறந்து விடாமல் ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி வயரைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் குழாய்) போட்டு மூடுங்கள். மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ பெரும்பாலும் ஏர்பேக்குடையது. அதைத் தொட வேண்டாம், நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியானபின் ஃபாக் லாம்ப் மட்டும் போட்டுக்கொள்ளலாமா? ஹெட்லைட் வயரிலிருந்தே எடுத்தால் போதுமா?

பதில்: தாராளமாகப் போடுங்கள், ஆனால் ஹெட்லைட் வயரிலிருந்து எடுக்காதீர்கள். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் வருகிறது, இன்னொரு விளக்குக்காகப் போட்ட வயர் அதையும் சேர்த்துத் தாங்கும் என்று நம்ப முடியாது. பேட்டரியிலிருந்து தனி லைன், பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே 15 ஆம்பியர் ஃப்யூஸ், பிறகு ரிலேயின் 30-ஆம் பின் (இது ஆம்பியர் அல்ல, ரிலேயின் பின்களுக்கான எண்), 87-லிருந்து விளக்கு. சுவிட்ச் 85, 86 பக்கம் வரும், அங்கே ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவு, சின்ன வயரே போதும். என்ன வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து மேனுவலுக்குள் வைத்துவிடுங்கள், காரை விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுங்கள்.