மார்பில் கட்டி என்று பயந்து, பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்தவர்கள் உண்டா? அதன்பின் மற்ற நோயாளிகளுக்கு எப்படி உதவினீர்கள்?

உண்டு. நான்கு வருடத்துக்கு முன்பு, எனக்கு 38 வயதில்.

குளிக்கும்போது சோப்புக் கை வழுக்கிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றது. இடது மார்பில், அக்குளை ஒட்டி, கோலிக்குண்டு அளவில் ஒன்று. அழுத்தினால் நழுவியது, வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்ற தைரியத்தில் மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். சுத்த மடத்தனம். புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்றும் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்த் தைரியம்தான். இந்த நோய் வருகிறவர்களில் மிகப் பலருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் வந்திருக்காது. பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் வருவது நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான்.

டாக்டர் கையால் பார்த்தார். அப்புறம் மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம், அல்ட்ராசவுண்ட். ஸ்கேன் எடுத்த பெண் அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர், கருவியை ஓரிடத்தில் நிறுத்தித் திரையில் அளவெடுக்க ஆரம்பித்ததும் பேச்சை விட்டுவிட்டார். மேலே கூரையில் இருந்த ஓட்டைகளை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

ரிப்போர்ட்டில் "பைராட்ஸ் 4" என்று இருந்தது. அதை நோயின் நான்காம் கட்டம் என்று நினைத்துக்கொண்டு, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இதைப் படிக்கிற யாரும் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பைராட்ஸ் என்பது படத்தைப் பார்த்துவிட்டு எவ்வளவு சந்தேகம் என்று சொல்லும் எண். 4 என்றால் சதை எடுத்துப் பரிசோதித்துப் பாருங்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். அப்படிப் பரிசோதித்தவர்களில் பலருக்குப் புற்றுநோய் இல்லை என்றே முடிவு வருகிறது.

அப்படிச் சதை எடுப்பதுதான் பயாப்சி. அதற்கு மரத்துப்போக ஊசி போட்டார்கள். உள்ளே நுழைக்கும் முன் டாக்டர் அந்தக் கருவியை வெளியே ஒருமுறை அடித்துக் காட்டினார். ஸ்டேப்ளர் மாதிரி "டக்". சத்தத்துக்குப் பயந்து உடம்பு துள்ளக்கூடாதாம். நான்கு டக். ஆறு நாள் கழித்து முடிவு வந்தது. ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டி, புற்றுநோய் இல்லை.

அன்று காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் ஓர் அக்கா இருந்தார், அவருக்கும் பயாப்சி. போன் நம்பர் மாற்றிக்கொண்டிருந்தோம். அவருக்குப் புற்றுநோய் என்று வந்தது. எனக்கு இல்லை என்பதை அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. சொன்னதும், "அப்பாடா, ஒருத்தியாவது தப்பிச்சோமே" என்றார்.

அவருக்காகத்தான் நிதி திரட்ட இறங்கினேன். முதல் முயற்சி சொதப்பல். அக்டோபர், விழிப்புணர்வு மாதம் என்று ஒரு நடைப்பயணம் வைத்தேன். பிங்க் டீ-ஷர்ட், பேனர், மைக் எல்லாவற்றுக்கும் போக மிஞ்சியது கொஞ்சம்தான். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா சிரித்தார். "ரிப்பன் எல்லாம் இருக்கட்டும், தினமும் ரேடியேஷனுக்குப் போக எனக்கு வண்டிதான் வேணும்" என்றார். வாரத்தில் ஐந்து நாள், பல வாரம் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் சிகிச்சை சில நிமிடம்தான். போய்வருவதில்தான் பாதி நாள் போகிறது, கூட வருகிறவரின் கூலியும் போகிறது.

அதிலிருந்து அந்த மாதிரிச் செலவுகளுக்கு மட்டுமே திரட்டுகிறோம். சிகிச்சைக்கே கொடுக்க நினைப்பவர் நேராக மருத்துவமனைக் கணக்கில் கட்டிவிடுகிறார், என் கணக்கு வழியாக வராது. மற்றவற்றுக்கு மாதக் கடைசியில் ரசீதுகளைப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன். நோயாளியின் படம் கேட்கிறவர்கள் உண்டு. தலைமுடி கொட்டிய படம் இருந்தால் பணம் கூடுதலாக வரும் என்று ஒருவர் ஆலோசனையே சொன்னார். கொடுப்பதில்லை. அதனால் பணம் குறைவாக வந்தால் வரட்டும்.

விழிப்புணர்வு என்று பேசப் போனால் அதிகம் பயமுறுத்துவதில்லை. மாதம் தவறாமல் இன்ன முறையில் தடவிப் பாருங்கள் என்று பாடம் எடுப்பதையும் விட்டுவிட்டேன். ஷாங்காயில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில், அப்படிப் பயிற்சி கொடுத்ததால் சாவு குறையவில்லை என்று 2002-இல் முடிவு வந்தது. உங்கள் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருங்கள், அதில் மாற்றம் வந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள் என்கிறேன். கட்டி மட்டுமல்ல, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி விழுவது, காம்பு புதிதாக உள்ளிழுப்பது, ரத்தம் கசிவது எல்லாமே காட்ட வேண்டியவை. ஆண்களுக்கும் இந்தப் புற்றுநோய் வரும். இந்த நோய் வருகிறவர்களில் ஆண்கள் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்கும் குறைவு, ஆனால் வரும்.

அக்காவுக்கு ரேடியேஷன் முடிந்துவிட்டது, இப்போது ஹார்மோன் மாத்திரை. என் கோலிக்குண்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, எடுக்கத் தேவையில்லை என்றார்கள். அடுத்த ஸ்கேனுக்குத் தானும் கூட வருவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.