துப்புரவுப் பணியாளர் சர்வர் பிளக்கைப் பிடுங்கிய கதை உண்மையா?

சர்வர், அதாவது அலுவலகக் கணினிகளுக்கெல்லாம் பொதுவான மையக் கணினி, குறிப்பிட்ட நேரத்தில் நின்றுபோய்க்கொண்டே இருக்கும். ஒருநாள் ஒளிந்திருந்து பார்த்தால், துப்புரவுப் பணியாளர் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் இயந்திரத்தைச் செருகிக்கொண்டிருப்பார். இது உண்மையில் நடந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பீர்கள். தேநீர் இடைவேளையில் யாரோ ஒரு மூத்தவர் கண்ணால் கண்டதுபோல் சொல்லியிருப்பார். அவர் கண்டிருக்க மாட்டார். எங்கள் அலுவலகத்திலும் இதே கதை உலவுகிறது. அதில் ஒளிந்திருந்து பார்க்கும் ஆள் நான்தான்.

எல்லாமே புளுகு என்று சொல்ல வரவில்லை. 500 மைலுக்கு அப்பால் போகாத மின்னஞ்சலின் கதை ஒன்று உண்டு. ட்ரே ஹாரிஸ் என்ற அமெரிக்க சர்வர் நிர்வாகி, தமக்கு நேர்ந்ததாக 2002இல் எழுதியது. புள்ளியியல் துறைத் தலைவர் அவரைக் கூப்பிட்டு, 500 மைலுக்கு மேல் மின்னஞ்சல் போக மறுக்கிறது என்றாராம். கேட்டவுடன் சிரிப்புத்தான் வரும். ஆனால், இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது மின்னஞ்சலை அனுப்பும் செண்ட்மெயில் மென்பொருள் பழைய பதிப்புக்கு இறங்கி, இணைப்புக்குக் காத்திருக்கும் நேரம் பூஜ்யமாகியிருந்தது. நடைமுறையில் அது சுமார் 3 மில்லிவினாடி. அதற்குள் எட்ட முடியாத கணினியை அது கைவிட்டுவிடும். அந்த நேரத்தில் ஒளி கடக்கும் தூரமே ஏறத்தாழ 560 மைல்தான். புகார் கொடுத்தவர் அட்சரசுத்தமாகச் சரியாகச் சொல்லியிருக்கிறார்!

ஹார்வர்டு மார்க் 2 கணினியில் சிக்கிய விட்டில் பூச்சியும் நிஜம். 1947 செப்டம்பர் 9ஆம் தேதிப் பதிவேட்டில் அதை ஒட்டியே வைத்தார்கள். ஆனால் கோளாறைக் குறிக்கும் 'பக்' (bug, பூச்சி) என்ற சொல் அன்றுதான் பிறந்தது என்பது பின்னால் ஒட்டிய வால். 1878இலேயே எடிசன் கடிதத்தில் அந்தச் சொல் இருக்கிறது.

துப்புரவுப் பணியாளர் கதை வேறு ஜாதி. அதற்கு ஊரும் கிடையாது, தேதியும் கிடையாது. 1996இல் தென்னாப்பிரிக்க நாளிதழ் ஒன்றில் அது மருத்துவமனை வேடம் போட்டு வந்தது. ஒரே கட்டிலில் நோயாளிகள் அடுத்தடுத்து இறக்கிறார்கள். தரை துடைக்கும் இயந்திரத்துக்காகச் செயற்கைச் சுவாசக் கருவியின் பிளக்கைப் பணியாளர் பிடுங்குகிறார். உலகமே நம்பியது. அப்படி ஒன்று நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

இனி என் கதை. எங்கள் சர்வர் சில மாலைகளில் 7.10க்கு அணைந்து, அடுத்த நிமிடமே தானாக எழும். 7 மணிக்குத் துப்புரவுக்கு வருபவர் ஓர் அக்கா. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாயிற்று. மேலாளர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது நானும் அந்த அறையில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும் அக்கா என்னைத் தனியாக அழைத்து, "தம்பி, இதைப் பாருங்கள்" என்று தன் இயந்திரத்தின் பிளக்கைக் காட்டினார். தடித்த மூன்று உருண்டைக் கம்பிகள். எங்கள் சர்வர் செருகியிருப்பது யூபிஎஸ்ஸில், அதாவது மின்சாரம் போனால் பேட்டரியில் தாங்கும் பெட்டியில். அதன் பின்புறம் இருப்பவையோ கணினிக் கேபிள் மட்டுமே நுழையும் சிறிய துளைகள். "இதை அதில் எப்படிச் செருகுவேன்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அப்போதுதான் சர்வர் அணைந்த தேதிகளை எழுதிப் பார்த்தேன். சரியாக 14 நாட்களுக்கு ஒருமுறை. அக்கா வாரத்தில் ஆறு நாள் வருகிறார்! அடுத்த முறை 7 மணிக்கே உள்ளே உட்கார்ந்துவிட்டேன். 7.10க்கு யூபிஎஸ்ஸுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். விசிறிகளின் இரைச்சல் அடங்கியது. எல்லா விளக்கும் அணைந்தது. அக்கா நடைபாதையின் மறுகோடியில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் யூபிஎஸ் 14 நாட்களுக்கு ஒருமுறை மின்சாரத்தை விட்டு பேட்டரிக்கு மாறித் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். பேட்டரி செத்திருந்தால் மாறிய கணமே இருட்டுத்தான். பேட்டரியை மாற்றச் சொல்லும் சிவப்பு விளக்கு பல மாதங்களாக எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் பழைய விசைப்பலகைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தவர்கள் நாங்கள்.

'நல்ல யூபிஎஸ் என்றால் உடனே மின்சாரத்துக்குத் திரும்பிவிடுமே' என்று யாராவது எழுத வருவீர்கள். எங்களுடையதும் திரும்பியது. அந்த இடைவெளியை சர்வர் தாங்கவில்லை. 'எங்கள் அலுவலகத்தில் நிஜமாகவே பிடுங்கினார்கள்' என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. எங்கோ நடந்திருக்கும். ஆனால் யார் கைக்கும் எட்டும் இடத்தில் சர்வர் பிளக்கை விட்டுவைத்தவரைப் பற்றி ஏன் ஒரு கதைகூட இல்லை?

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் கொட்டிவிடுகிறேன். கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் திரையில் ஒட்டிய கணக்கரின் கதையும் எங்கள் துறையில் பெரிய நகைச்சுவை. மாதம் ஒருமுறை மாற்று, பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறி வேண்டும் என்று அவரைப் படுத்தியது யார்? நாங்கள்தான். 2003இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனத்துக்காக அந்த மாதிரி வழிகாட்டுதலை எழுதிய பில் பர், 2017இல் அதற்காக வருந்துவதாகவே சொல்லிவிட்டார். எங்கள் அலுவலகத்தில் இன்றும் மாதாமாதம் மாற்றுகிறோம். ஓய்வுபெறும் வயதில் இருப்பவர்கள் என் மேசைக்கு வந்து, தவறு செய்த பிள்ளைபோல் நிற்கும்போது எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

பேட்டரி கேட்டு நான் கொடுத்த விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்து, மூன்றாம் முறை ஒப்புதலானது. அதற்குள் அக்காவை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் இன்னது என்று மேலாளருக்கு எழுதியே கொடுத்தேன். ஆனால் பயிற்சி வகுப்பில் புதியவர்களுக்கு அவர் இன்றும் சொல்வது பிளக் கதையைத்தான். நான் பின்வரிசையில் இருந்தால், "இவர்தான் கையும் களவுமாகப் பிடித்தார்" என்று என்னைக் காட்டுவார்.

'துப்புரவுப் பணியாளர்கள் உள்ளே வரக் கூடாது' என்ற தாள் சர்வர் அறைக் கதவில் இன்னும் இருக்கிறது. முதல் வாரத்தில் நானே ஒட்டியது. அந்த அறையை இப்போது நான்தான் பெருக்குகிறேன்.